நிற்கத் தெரிந்த குதிரை



இப்பகுதிக்கு வருகின்ற மடல்களில் பாதிக்கு மேல் சம்பந்தம் பேசுகின்ற விவகாரங்களே. மாப்பிள்ளை புகை பிடிக்கிறார், மாப்பிள்ளை வீட்டார் சீர் அதிகம் கேட்கிறார்கள், பெண்ணை மேற்கொண்டு படிக்க விட மறுக்கிறார்கள் என்று வருகின்ற கேள்விகளுக்குப் பதில் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. ஆனால், சென்ற மாதம் கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்த மடல் என்னைப் பல நாட்கள் புத்தகமும் கையுமாக உட்கார வைத்துவிட்டது.

மடல் எழுதியவர் ஒரு பெண்ணின் தந்தை. தம் மகளுக்கு வந்துள்ள வரன் இங்கிலாந்தில் பொறியாளராகப் பணிபுரிகிறாராம். ஐவேளைத் தொழுகையாளி, குடும்பம் நல்ல குடும்பம், சீர்வரிசை வேண்டாம், மஹர் நாங்கள் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். எல்லாம் கூடி வருகின்ற நேரத்தில் ஒரு செய்தி வந்து சேர்ந்திருக்கிறது. மாப்பிள்ளை பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, நான்கு ஆண்டுகளாகக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு போய்ப் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறார் என்பதே அது. “சூதாடியும் பைத்தியக்காரனும்தான் அப்படிச் செய்வான், பெண்ணைக் கொடுக்காதீர்கள் என்கிறார் என் மச்சான். மாப்பிள்ளையின் வாப்பாவிடம் பட்டும் படாமலும் விசாரித்தேன். மறுவாரமே மாப்பிள்ளை தம் கணக்கு நோட்டின் நகலை முழுமையாக அனுப்பிவிட்டார். எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. தங்களுக்கு அனுப்பியுள்ளேன். பெண்ணைக் கொடுக்கலாமா?” என்று கேட்கிறார் அந்தச் சகோதரர்.

அவருடைய கவலை நியாயமானது. எனினும், அதில் இரண்டு கவலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மாப்பிள்ளை செல்வது கார்ப் பந்தயத்துக்கு அன்று. ‘டிராக் டே’ என்று அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பந்தயம் நடைபெறாத நாட்களில், கட்டணம் செலுத்துகின்ற எவரும் தம் சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கலாம். காலையில் அனைவரையும் கூட்டி விதிகளைச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு வராதவர் தடத்தில் இறங்க இயலாது. ஹெல்மெட் கட்டாயம். முன்னால் செல்பவர் வழிவிட்டால் ஒழிய முந்தக்கூடாது. ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி ஆயிற்று என்று கடிகாரம் வைத்து அளப்பதைக்கூடப் பொதுவாக அனுமதிப்பதில்லை. பரிசு இல்லை, பந்தயப் பணம் இல்லை, முதலிடம் கடையிடம் இல்லை. எதிரே வண்டி வராது. குறுக்கே பிள்ளைகள் ஓடிவர மாட்டார்கள். எனவே, மச்சான் சொன்ன ‘சூதாடி’ என்ற சொல்லை இத்துடன் தள்ளிவைத்துவிடலாம்.

இத்தகைய தடங்கள் நமக்கு முற்றிலும் புதியவை என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் ஸ்நெட்டர்ட்டனும் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளங்களாக இருந்தவை. நம் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் போர்க்கால விமான ஓடுபாதையில்தான் பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. ஐம்பது வயதைக் கடந்த வாசகர்களில் சிலர் வீட்டுக்குத் தெரியாமல் சென்று பார்த்தும் இருப்பீர்கள்! பின்னர் 1990-இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தடம் அமைத்தார்கள். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் ஒன்று உண்டு.

‘பைத்தியக்காரன்’ என்ற இரண்டாவது சொல்லுக்கு வருவோம். இதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. வேகம் சிலருக்கு உண்மையிலேயே பித்தாகிவிடுகிறது. பெருநாள் இரவுகளில் கடற்கரைச் சாலையில் நம் வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் செய்வதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்? ஆகவே, மாப்பிள்ளை எத்தகையவர் என்பதை அவருடைய நோட்டிலிருந்து அறிய முற்பட்டேன்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்-5 என்ற ஜப்பானியக் கார் அது. துணிக்கூரையை மடக்கிவிட்டுத் திறந்தபடி ஓட்டலாம். இரண்டே இருக்கைகள். 1979-இல் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், பழைய ஆங்கிலேயச் சிறு ஸ்போர்ட்ஸ் கார்களைப் போல ஒன்று செய்யுங்களேன் என்று மாஸ்டாவின் கெனிச்சி யாமமோட்டோவிடம் சொன்னாராம். பத்தாண்டுகள் கழித்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கார்க் கண்காட்சியில் அது வெளிவந்தது. பின்னர் விற்பனை பெருகி, 2016 ஏப்ரலில் 10 லட்சமாவது கார் ஆலையைவிட்டு இறங்கியது. மாப்பிள்ளையிடம் இருப்பது தொடக்கக்கால மாதிரி. அதாவது, அவர் வயதை ஒட்டிய வண்டி. 1,600 சி.சி. இன்ஜின், சுமார் 115 குதிரைத்திறன். இக்காலத்தில் மளிகை வாங்கப் போகின்ற கார்களிலேயே அதற்கு மேல் இருக்கிறது. ஆயினும், காரின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு என்பதால் அந்தத் திறன் போதுமானதாகிவிடுகிறது. இதை வடிவமைத்தவர்கள் தங்கள் நோக்கத்தை ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரால் குறித்தார்கள். குதிரையும் அதில் ஏறியவனும் ஓருடலாவது என்பது அதன் பொருள். குதிரையைப் பற்றிப் பிறகு பேசவேண்டியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டின் முதற்பக்கம் எனக்கு ஏமாற்றத்தையே தந்தது. கார் வாங்கிய மறுமாதம் மாப்பிள்ளை வாங்கிய முதற்பொருள் ஒரு சைலன்சர்! உறுமுகின்ற சைலன்சர். அதை மாட்டிக்கொண்டு முதன்முறையாகத் தடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே நுழைவதற்கு முன் சத்தத்தை அளக்கிறார்கள். அக்கம்பக்கத்து ஊரார்க்குத் தொல்லை கூடாது என்பதற்காக ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இவர் கார் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு சுற்றுக்கூட ஓட்டாமல், கட்டிய கட்டணத்தையும் இழந்து வீடு திரும்பியிருக்கிறார். அந்தப் பக்கத்தின் அடியில் தம் கையாலேயே “அறிவீனம்” என்று எழுதி வைத்திருக்கிறார்.

அப்பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதியை மட்டும் நகலெடுத்து அனுப்பியிருக்கலாம். பெண் வீட்டாருக்கு யார் கண்டார்? அவர் அவ்வாறு செய்யவில்லை. நோட்டை நான் ஊன்றிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அடுத்த ஓராண்டில் அவர் செய்தவற்றுள் ‘மாற்றம்’ என்று சொல்லத்தக்கது ஒன்றுமே இல்லை. எல்லாம் பழுதுபார்ப்பு. இந்தக் காருக்கு ஒரு குறை உண்டு. துணிக்கூரையில் விழுகின்ற மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள சிறு குழாய்கள் வழியாக இறங்கி வெளியேற வேண்டும். அக்குழாய்களில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே தங்கி, கதவின் அடியில் நீளவாக்கில் ஓடுகின்ற பெட்டி போன்ற இரும்புப் பாகத்தைத் துருவாக்கிவிடும். குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புத் தூவுகின்ற நாடு வேறு! மேலே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே அப்பளமாக நொறுங்கும். நம் மாப்பிள்ளை வாங்கிய கார் அப்படித்தான் இருந்திருக்கிறது. துருப்பிடித்ததை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க, காரின் விலையில் ஒரு பெரும்பகுதி செலவாகிவிட்டது. பிறகு டைமிங் பெல்ட். 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. பழுப்பேறிப்போன பிளாஸ்டிக் தொட்டியுடன் கூடிய பழைய ரேடியேட்டர். முப்பதாண்டு வயதான ரப்பர் புஷ்கள், ஹோஸ் பைப்புகள். வெளியே இருந்து பார்ப்பவர்க்கு ஒன்றுமே தெரியாத வேலைகள். நண்பர்களிடம் காட்டிப் பெருமையடித்துக்கொள்ள இவற்றில் எதுவும் உதவாது.

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பக்கம் முழுவதும் பிரேக். இதனைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது பழைய மாருதியாக இருந்தாலும் இது உதவும்.

பிரேக் என்பது என்ன? ஓட்டத்தைச் சூடாக மாற்றுகின்ற கருவி, அவ்வளவே. ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். அதை நிறுத்துகையில் பிறக்கின்ற சூடு, நம் ஊர் வெயிலில் 30 டிகிரியில் இருக்கின்ற தண்ணீரில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவானதைக் கொதிக்க வைத்துவிடும். நாலைந்து பேருக்குத் தேநீர்! வேகம் இரு மடங்காகி 144 ஆனால் சூடும் இரு மடங்காகும் என்றுதானே நினைப்பீர்கள்? நான்கு மடங்காகிறது. இரண்டரை லிட்டருக்கும் மேல் கொதிக்கும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு பெருகுகிறது என்பது அல்லாஹ் இவ்வுலகில் வைத்திருக்கின்ற நியதிகளுள் ஒன்று. ‘கொஞ்சம்தானே கூட்டினேன்’ என்று சொல்கின்ற ஓட்டுநரிடம் அது இரக்கம் காட்டுவதில்லை. ஊர்ச் சாலையில் இப்படி எப்போதாவது ஒருமுறை நேரும். தடத்திலோ ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு வளைவுக்கு முன்பும், ஆறுவதற்கு நேரமின்றி நேர்கிறது.

இனி, நம்மவர்கள் ‘பிரேக் ஆயில்’ என்கின்ற திரவத்தைப் பாருங்கள். மிதியை நாம் அழுத்துகின்ற விசையைச் சக்கரம் வரை கொண்டுசெல்வது அதுவே. அதற்கு ஒரு பொல்லாத குணம் உண்டு; காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ‘டாட் 4’ என்ற தரத்திலுள்ள புதுத் திரவம் 230 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக்கூடாது என்பது விதி. நாளடைவில் ஈரமேறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. திரவம் கொதித்தால் குமிழி உண்டாகும். குமிழியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர விசையைக் கடத்தாது. கால் மிதியை அழுத்தும், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. இதில் கொடுமை என்னவென்றால், ஊர்ச் சாலையில் ஓட்டுகின்ற வரை எந்த அறிகுறியும் தெரியாது. உங்கள் வீட்டுக் காரில் இந்தத் திரவத்தை மாற்றி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று இன்றே மெக்கானிக்கிடம் கேளுங்கள். மலையேறி இறங்குவோர் கட்டாயம் கேளுங்கள்.

மாப்பிள்ளை திரவத்தை மாற்றினார். சூடு தாங்குகின்ற பிரேக் பேட் போட்டார். இதே காரில் 1994 மாதிரியிலிருந்து வந்த 1,800 சி.சி. வண்டிக்குப் பெரிய டிஸ்க் உண்டு. 235 மில்லிமீட்டராக இருந்த முன்சக்கர டிஸ்க் 255 ஆயிற்று. அதைப் பழைய காரில் மாட்டிக்கொள்வோரும் பலர். இவரும் அதற்கு ஆசைப்பட்டிருக்கிறார். ஆனால், “இப்போதைக்கு இதுவே போதும்” என்று எழுதித் தள்ளிவைத்துவிட்டார். பக்கத்தின் ஓரத்தில் தமக்கே சில அறிவுரைகள்: கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடு, வண்டியை நிறுத்தியதும் கைப் பிரேக் போடாதே, சூட்டில் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சக்கர நட்டுகளைச் சரிபார்.

திரவத்துக்கும் பேடுக்கும் ஆன செலவு, அந்த வீணான சைலன்சரின் விலையைவிடக் குறைவு என்பதையும் அவரே குறித்து வைத்திருக்கிறார்.

அடுத்து வருவது ‘ரோல் பார்’. திறந்த காருக்குக் கூரை இல்லை. கவிழ்ந்தால் தரைக்கும் தலைக்கும் நடுவில் கண்ணாடிச் சட்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை. எனவே, இருக்கைகளுக்குப் பின்னால் கனத்த இரும்புக் குழாயை வளைத்து வண்டியின் உடலோடு பூட்டுவார்கள். அதன் உச்சியிலிருந்து முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வரை ஒரு கோலை வைத்துப் பார்த்தால், ஹெல்மெட் அணிந்த தலை அந்தக் கோலுக்கு இரண்டு அங்குலமாவது கீழே இருக்கவேண்டும். மாப்பிள்ளை நெடியவர் போலும். இருக்கையைக் கழற்றித் தாழ்த்திப் பொருத்தியிருக்கிறார்.

இங்கே பலர் செய்கின்ற ஒரு பிழையை அவர் செய்யவில்லை. நான்கு பக்கமும் இறுக்கிப் பிடிக்கின்ற பந்தயப் பெல்ட்டைச் சிலர் அழகுக்காக முதலில் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சாதாரணப் பெல்ட் என்றால் வண்டி கவிழும்போது உடல் சற்றுச் சாய்ந்து கொடுக்கும். பந்தயப் பெல்ட்டோ ஆளை நிமிர்த்தி நிறுத்திவிடும். மேலே காப்பு இல்லாவிட்டால் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். காக்க வந்த பொருளே கொல்கின்ற பொருளாகிவிடும். அதற்குரிய இருக்கையும் ரோல் பாரும் அமைந்த பிறகே அந்தப் பெல்ட். நோட்டிலும் அது அந்த வரிசையில்தான் வருகிறது. இரண்டுக்கும் இடையில் ஏழு மாதங்கள்!

டயர், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் பற்றியெல்லாம் பல பக்கங்கள் உள்ளன. அவற்றால் உங்களைச் சலிப்படையச் செய்ய விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். தரையை இறுகப் பற்றுகின்ற மிருதுவான டயர்கள் கடையில் கிடைத்தும், இரண்டாண்டுகள் சாதாரண டயரிலேயே அவர் ஓட்டியிருக்கிறார். சாதாரண டயர் குறைந்த வேகத்திலேயே, முன்கூட்டிக் கிறீச்சிட்டு எச்சரித்துவிட்டு வழுக்கும். கற்றுக்கொள்பவனுக்கு அதுவே ஆசான். நல்ல டயர் பிழைகளை மறைத்துக்கொண்டே வந்து, மிகுந்த வேகத்தில் ஒரேயடியாகக் கைவிடும். பொருளுக்குச் செலவிடாத அந்த இரண்டாண்டுகளில், பக்கத்தில் அமர்ந்து கற்றுத்தருகின்ற பயிற்சியாளருக்கு ஆறுமுறை கட்டணம் செலுத்தியிருக்கிறார்.

மூன்றாம் ஆண்டில்தான் எடைக்குறைப்பு. ஸ்டெப்னி, ஜாக்கி, கனத்த பழைய பாட்டரி, ரேடியோ, ஒலிபெருக்கி என்று தடத்துக்குத் தேவையற்றவை ஒவ்வொன்றாக இறங்குகின்றன. ஒவ்வொன்றையும் நிறுத்து எடையை எழுதியிருக்கிறார். எடை குறைந்தால் பிரேக்குக்கும் பாரம் குறையும், டயருக்கும் குறையும், இன்ஜினுக்கும் குறையும். காசு செலவில்லாத மாற்றம் இது ஒன்றுதான்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது என் சிந்தனை மதீனாவுக்குப் போய்விட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குதிரை ஓட்டம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அதில் நாம் வேகமாகப் படித்துக் கடந்துவிடுகின்ற ஒரு நுட்பம் இருக்கிறது. குதிரைகள் அனைத்தையும் ஒன்றாக ஓடவிடவில்லை. ஓட்டத்துக்கென்று பக்குவப்படுத்தப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்து அல்லது ஆறு மைல். பக்குவப்படுத்தப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ ஒரு மைல்தான். தாங்காத பிராணியின் மேல் தாங்காத தூரத்தைச் சுமத்தவில்லை.

அப்படிப் பக்குவப்படுத்துவதற்கு அரபியில் ‘தள்மீர்’ என்று பெயர். குதிரைக்கு முதலில் நிறையத் தீனி கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். பிறகு தீனியைக் குறைத்து, உயிர் வாழத் தேவையான அளவுக்குக் கொண்டுவருவார்கள். கொட்டிலில் அடைத்துத் துணி போர்த்தி வியர்க்க விடுவார்கள். வீண்சதை கரைந்து உடல் இறுகி, மூச்சு நீளும். இதற்கு 40 நாட்கள் என்று அரபு அகராதி ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பட்டினி போட்டு ஒரே வாரத்தில் இளைக்க வைத்தால் அது தள்மீர் ஆகாது, குதிரை செத்துப்போகும். முதலில் வலுவேற்றம், அதன் பிறகே எடைக்குறைப்பு. மாப்பிள்ளையின் நோட்டில் துருவை வெட்டிப் பற்றவைத்த பக்கம் முன்னால் வருவதும், ஸ்டெப்னியை இறக்கிய பக்கம் பின்னால் வருவதும் எனக்கு இதை நினைவூட்டின. அவர் இந்த ஹதீஸை எண்ணிச் செய்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை.

அந்த ஓட்டத்தில் இப்னு உமர் (ரலி) அவர்களும் கலந்துகொண்டார்கள். முதலாவதாக வந்தார்கள். வந்த வேகத்தில் குதிரை அவர்களைச் சுமந்துகொண்டு பள்ளிவாசலின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது என்று முஸ்லிமில் வரும் அறிவிப்பு சொல்கிறது. அது பக்குவப்படுத்தப்படாத குதிரை! ஓடத் தெரிந்திருந்தது, நிற்கத் தெரியவில்லை. சகோதரரே, இனி அந்த பிரேக் பக்கத்தை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நான்காம் ஆண்டில் இன்ஜின் என்று தலைப்பிட்ட ஒரு பக்கம் இருக்கிறது. தலைப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. டர்போ பொருத்தித் திறனைக் கூட்டுகின்ற வழிகள் எத்தனையோ உண்டு. இந்தக் காருக்கென்றே விற்கவும் செய்கிறார்கள். ஆனால், திறன் கூடினால் சூடு கூடும், ரேடியேட்டர் போதாது. அதைப் பெரிதாக்கினால் கிளட்ச் தாங்காது. அதையும் மாற்றினால் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கின்ற பல்சக்கரப் பெட்டி உடையும். 1,600 சி.சி. மாதிரியில் அது சிறியது என்பது தெரிந்த செய்தியே. ஓரிடத்தை இறுக்கினால் அடுத்த இடம் இளகும். பணம் போய்க்கொண்டே இருக்கும். மாப்பிள்ளை தலைப்பை எழுதிவிட்டு நின்றுவிட்டார். அந்த வெற்றுப் பக்கத்தையும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறாரே!

இதுவரை புகழ்ந்துவிட்டேன். இனி, என் மனத்துக்கு ஒவ்வாதவற்றையும் மறைக்கக்கூடாது.

நான்காண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்தேன். அந்தத் தொகையில் நம் ஊரில் ஓர் ஏழைக் குமருக்கு நிக்காஹ் முடித்துவிடலாம். இது இஸ்ராஃப் ஆகாதா என்று கேட்டால், பொழுதுபோக்குக்குச் செலவிடுகின்ற ஒவ்வொருவரையும் நோக்கிக் கேட்கவேண்டிய கேள்வி அது. வீட்டுத் திருமணத்தில் பிரியாணிச் சட்டி எண்ணிக்கையை வைத்துப் போட்டி போடுகின்ற நாம் அவரை மட்டும் தனியாகக் கூண்டில் நிறுத்துவதற்கில்லை. அவர் ஸகாத்தை ஒழுங்காகக் கொடுக்கிறாரா, பெற்றோருக்கு அனுப்பவேண்டியதை அனுப்புகிறாரா, இந்தக் காருக்காக வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறாரா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டில் கடன் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. இல்லாததை வைத்து நாம் தீர்ப்புச் சொல்லிவிட இயலாது.

இன்னொன்று. அவர் அந்தக் காரிலேயே வீட்டிலிருந்து தடத்துக்குச் சென்று, அதிலேயே திரும்புகிறார் என்று தெரிகிறது. முழுப் பந்தயத்துக்குரிய பிரேக் பேட்கள் சூடேறினால்தான் பிடிக்கும். குளிர்ந்த காலையில், ஈரச் சாலையில் அவை கைவிடும். அவர் போட்டிருப்பது இரண்டுக்கும் பொதுவான வகையா என்று கேளுங்கள். ரோல் பாருக்குப் பஞ்சுறை சுற்றியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஊர்ச் சாலையில் ஹெல்மெட் அணியாமல் போகும்போது அந்த இரும்பே பின்மண்டைக்குப் பகையாகும். செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் விபத்தின்போது காப்பீடு செல்லாமல் போகக்கூடும். தடத்தில் ஓட்டுவதற்குப் பொதுவாக அந்தக் காப்பீடு பொருந்தாது, அதற்குத் தனி. இவற்றுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

அபாயமே இல்லையா என்றால், இருக்கிறது. எத்தனை காப்புச் செய்தாலும் வேகம் வேகம்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டுகின்றவரிடமும் ஒட்டகம் காணாமற்போவது உண்டு. திருமணமாகிக் குழந்தை பிறந்த பின் ஆண்டுக்கு எத்தனை நாள் போவார், போவாரா மாட்டாரா என்பது தம்பதியர் தமக்குள் பேசி முடிவு செய்யவேண்டியது. அதை இப்போதே உறுதிமொழியாக எழுதி வாங்க முற்படாதீர்கள். என்னைக் கேட்டால், ஊர்ச் சாலையில் அவர் எப்படி ஓட்டுகிறார் என்பதே பெரிது. அங்குள்ள நம் உறவினர் எவரையேனும் ஒருநாள் அவருடன் காரில் சென்றுவரச் சொல்லுங்கள். வேகத்தைத் தடத்திலேயே விட்டுவிட்டு வருகின்றவரா, சாலைக்கும் சுமந்துகொண்டு வருகின்றவரா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சகோதரரே, தங்கள் மடலில் இரண்டு பக்கங்களில் மாப்பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அரைப் பக்கம் மச்சானைப் பற்றி இருக்கிறது. தங்கள் மகள் என்ன சொல்கிறார் என்பது ஒரு வரிகூட இல்லை. பெண்ணின் சம்மதமில்லாமல் நிக்காஹ் கிடையாது என்பதைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நோட்டை முதலில் அவரிடம் படிக்கக் கொடுங்கள். கணிதப் பட்டதாரி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பல நாட்கள் பிடித்தது அவருக்கு ஒரு பிற்பகலில் விளங்கிவிடும்.

எடைக்குறைப்புப் பக்கத்தில் எனக்கு ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. இத்தகைய கார்களைத் தடத்துக்கென்று இளைக்க வைப்பவர்களில் பெரும்பாலோர் பக்கத்து இருக்கையைத் தொடக்கத்திலேயே கழற்றி வீசிவிடுவார்கள். கனம் உள்ளது, ஓட்டுபவனுக்கு உதவாதது. மாப்பிள்ளையின் பட்டியலை மூன்று முறை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டேன். பாட்டரி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, சிகரெட் லைட்டர்கூட இருக்கிறது. பக்கத்து இருக்கை இல்லை. பயிற்சியாளர் உட்காருவதற்காக விட்டு வைத்தாரோ, வேறு எண்ணம் ஏதும் உண்டோ, நானறியேன். தாங்கள் உடனிருக்க, தங்கள் மகளையே தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்பதை எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

வஸ்ஸலாம்.